சொந்த வாக்கியம்

கால் ஆஃப் என்று போர்டில் எழுதியாகிவிட்டது. எழுதினதை அழித்தால் ஏன் என்று கேட்பார்கள். பொற்கொடி சாக்பீஸைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றாள். சுவரில் தொங்குகிற இங்கிலீஷ் வினைச்சொல் அட்டவணையில் புட் ஆஃப் என்பதற்கு அடுத்த வரியில் இதுதான் இருக்கிறது. அவளே ஸ்கெட்ச் பேனாவில் எழுதி ஒட்டினது, கல்யாணப் பேச்சு தொடங்காத காலத்தில், எந்த வார்த்தையும் எவர் மேலும் பாயாது என்று நம்பின காலத்தில். புட் ஆஃப் நடத்தினாள். மறுநாளும் அதையே நடத்தினாள். அப்புறம் ஒரு டெஸ்ட் வைத்தாள், அதற்கப்புறம் ரிவிஷன் என்றாள், பொங்கலுக்கு ஏகப்பட்ட நாள் கிடக்கையிலேயே எல்லோரையும் பொங்கலைப் பற்றிப் பேசச் சொன்னாள். ஒரு காரியத்தைத் தள்ளிப் போடுவது எப்படி என்று இந்த வகுப்புக்கு இனி யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. இன்றைக்கு உள்ளே நுழையும்போதே மில் வேலைக்குப் போகிற ஜெயபாண்டி பிடித்துக்கொண்டான். “மிஸ், அடுத்தது கால் ஆஃப்தானே? எத்தனை நாளைக்கு மிஸ் அதைத் தாண்டித் தாண்டிப் போவீங்க?” அவன் சிரித்தான், அவளும் சிரித்தாள், சிரித்த சூட்டோடு எழுதியும் தொலைத்தாள். இப்போதுகூட அழித்துவிட்டு கேரி ஆன் என்று எழுதலாம். தொடர்ந்து செய், நடத்திக்கொண்டு போ. அம்மாவுக்கு மட்டும் இங்கிலீஷ் தெரிந்திருந்தால் அந்த ஒன்றைத்தான் விரும்பிப் படித்திருப்பாள். அழிக்கவில்லை. இன்றைக்கு அழிக்கப் போவதும் இல்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டு, சொன்னதை நம்பலாமா என்று தன்னையே ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

மோட்டாருக்குக் கம்பிச் சுருள் கட்டுகிற கடைக்கு மேல்மாடி இந்த இங்கிலீஷ் வகுப்பு. அருப்புக்கோட்டையில் வாடகை கட்டுபடியாக வேண்டுமென்றால் இப்படி எதன் தலைமேலாவதுதான் ஏறி உட்கார வேண்டும். கீழேயிருந்து வார்னிஷ் வாடை வரும். கட்டி முடித்த மோட்டாரை ஓட்டிப் பார்க்கும்போது இரைச்சல் கிளம்பும், அது அடங்கும்வரை மேலே யார் பேசினாலும் வெறும் வாயசைவுதான். நாற்காலிகள் அரைவட்டமாகக் கிடக்கின்றன. ஜன்னலோரம் ஜெயபாண்டி, அவனை அடுத்து தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்க்கிற மாரிச்சாமி, அவருக்குப் பக்கத்தில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிற மும்தாஜ் அக்கா, அப்புறம் மோனிஷா, கடைசியில் அவள் தம்பி நேசன், நேசனுக்கு இந்தப் பக்கம் அவளுடைய நாற்காலி. அவளுக்கு மறுபக்கம் போர்டுதான். வகுப்புக்கு இரண்டு சட்டம், இரண்டும் அவள் போட்டவை. புத்தகத்து வாக்கியம் சொல்லக் கூடாது, உன் வாழ்க்கையில் நிஜமாக நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். இது ஒன்று. இங்கிலீஷில் எல்லோருக்கும் சொன்ன பிறகு, பக்கத்து நாற்காலிக்காரர் முகத்தைப் பார்த்து அதையே தமிழில் சொல்ல வேண்டும். இது இன்னொன்று. மனப்பாடம் பண்ணி ஒப்பித்துவிட்டு என்ன சொன்னோம் என்றே தெரியாமல் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்து எரிச்சல் வந்து போட்ட சட்டம். நிஜம் சொன்னவருக்கு எல்லோரும் ஒரே ஒரு கைதட்டு தட்டுவார்கள். கடைசி வாக்கியம் எப்போதும் மிஸ்ஸுடையது. அதிலும் பொய் கூடாது. சட்டம் போடும்போது எவ்வளவு வீரமாக இருந்தாய் பொற்கொடி, இப்போது உன் முறை ஐந்து நாற்காலி தள்ளி நடந்து வந்துகொண்டிருக்கிறது. நடுவில் மோனிஷா வேறு. பொற்கொடியைக் கட்டிக்கொள்ளப் போகிற ஹரிபாஸ்கரின் தங்கை. நிச்சயம் முடிந்த கையோடு, “அண்ணிகிட்டயே படிக்கட்டும்” என்று அவள் அம்மா கொண்டுவந்து சேர்த்தார். இந்த அறையில் சொல்கிற எதுவும் மோனிஷாவின் போன் வழியாக, பொற்கொடி படியிறங்குவதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டு ஹாலுக்குப் போய்விடும்.

“நடக்கப் போகுதுன்னு எல்லாருக்கும் சொல்லியாச்சு. இல்ல, நடந்துக்கிட்டே இருக்கு. அது வேண்டாம்னு ஒருத்தர் முடிவு பண்றாங்க. அதுக்குப் பேரு கால் ஆஃப்,” என்றாள். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. “மேட்ச், மீட்டிங், ஊர்வலம், எதுவா வேணா இருக்கட்டும். புட் ஆஃப்னா இன்னொரு நாள் நடக்கும். கால் ஆஃப்னா நடக்காது. மழை மேட்சைக் கால் ஆஃப் பண்ணாது. மழை வருதுன்னு பார்த்து ஒரு மனுஷன்தான் பண்ணணும்.” மும்தாஜ் அக்கா பேனாவைத் தூக்கினார். “கல்யாணத்துக்கும் சொல்லலாமா மிஸ்?” கேட்பார் என்று தெரியும், யாராவது கேட்பார்கள் என்று தெரியும். “கல்யாணத்துக்கும் சொல்லலாம்க்கா.” சொல்லலாம், சொல்லலாம், ஹரியே சொன்னான். ஞாயிற்றுக்கிழமை போனில், வாயில் எதையோ மென்றுகொண்டு, “இந்த ஒரு விஷயத்துக்காக யாராச்சும் கல்யாணத்தையே கால் ஆஃப் பண்ணுவாங்களா பொற்கொடி?” என்று சிரித்தான். அதுவரை அவளுக்கு அப்படி ஒரு எண்ணமே வந்ததில்லை. அழலாம், அம்மாவோடு மல்லுக்கு நிற்கலாம், இரண்டு வேளை சாப்பிடாமல் கிடக்கலாம், கடைசியில் மணவறையில் போய் உட்காரலாம், அவ்வளவுதான் அவள் கணக்கு. அந்தச் சொல்லை எடுத்து அவள் கையில் கொடுத்தவன் அவன்தான். கொடுத்தவனுக்கு அது ஜோக், வாங்கினவளுக்குத் தூக்கம் போயிற்று. பல் தேய்க்கும்போது அது வருகிறது, பஸ்ஸில் வருகிறது, அம்மா பத்திரிகைக்கு மஞ்சள் தடவும்போது பக்கத்தில் வந்து உட்காருகிறது. நல்ல பிள்ளை ஹரி, குடிக்க மாட்டான், சத்தம் போட மாட்டான், போன் வைக்கும்போது குட் நைட் சொல்லாமல் வைக்க மாட்டான். பிராக்டிகலா யோசி என்பான். அம்மா சொன்னதில் என்ன தப்பு, ஒருநாள்தானே என்பான். ஒருநாள்தானே என்று அவன் சொன்னபோது அவள் கையிலிருந்த தோசைக்கரண்டி சுட்டது, அதைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை.

ஒருநாள்தானே என்று முதலில் சொன்னது ஜவுளிக்கடையில். முகூர்த்தப் பட்டைக் கடைக்காரர் அவள் தோளில் போட்டு, மடிப்பு எடுத்து, கண்ணாடி முன்னால் நிறுத்தியிருந்தார். அரக்கு நிறம், அவளுக்குப் பிடித்த நிறம், ஒரு நிமிஷம் தன்னைப் பார்த்துத் தானே சந்தோஷப்பட்டாள், பொய் சொல்வானேன். அப்போதுதான் பின்னாலிருந்து ஹரியுடைய அம்மாவின் குரல், ரகசியம் பேசுகிற மாதிரி, ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. “தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. மண்டபத்து வாசல்ல மாப்பிள்ளை காலைக் கழுவிக் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வர்றது எவ்வளவு முக்கியமான எடம். வீடியோக்காரன் அதைத்தான் மொதல்ல எடுப்பான். ஹரியோட ஆபீஸ் ஆளுங்க பெங்களூர்ல இருந்து வர்றாங்க. உங்க அண்ணன் மகன் இருக்கானே, அவன் கழுவட்டும். உங்க பையன அன்னிக்கு ஒருநாள் மட்டும் வீட்டுல யாராச்சும் துணைக்கு வச்சு விட்ருங்க. ஒருநாள்தானே.” கண்ணாடியில் அப்பா தெரிந்தார். கூட்ட நெரிசலில் பின் படிக்கட்டு வரைக்கும் கேட்கிறாற்போல அதட்டின கண்டக்டர், பென்ஷன் வாங்குகிற இந்த வயசிலும் தெருவில் அவர் கூப்பிட்டால் நான்கு வீடு திரும்பிப் பார்க்கும், அவர் தலையைக் குனிந்துகொண்டார். “சரிங்க” என்றார். கடைக்காரர் அவளிடம், “இதையே பேக் பண்ணிடவாம்மா?” என்றார். அம்மா முந்திக்கொண்டு, “பண்ணுங்க” என்றாள். சரிங்க, பண்ணுங்க. இரண்டே வார்த்தையில் தம்பியைக் கல்யாணத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். மோனிஷா அப்போது ஒரு புடவையின் ஜரிகையை நகத்தால் நீவிக்கொண்டிருந்தாள், நீவி நீவி அதில் என்ன கண்டாளோ. நேசனிடம் யாரும் கேட்கவில்லை. அவன் கடை வாசலில் நின்று, உள்ளே நுழைகிற ஒவ்வொருவரிடமும் எங்க அக்காவுக்குக் கல்யாணம் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

“த யூனியன் கால்டு ஆஃப் த ஸ்ட்ரைக்,” என்று ஜெயபாண்டி எழுந்து நின்று சொன்னான். மாரிச்சாமி பக்கம் திரும்பினான். “ஸ்ட்ரைக்க வாபஸ் வாங்கிட்டாங்கண்ணே. கொடியப் புடிச்சு முன்னால நின்னவன் நான். எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல.” சொல்லும்போது சிரிக்கத்தான் செய்தான், ஆனால் உட்காரும்போது நாற்காலியைச் சத்தமாக இழுத்தான். எல்லோரும் ஒரு தட்டு தட்டினார்கள். நேசன் எப்போதும் அரை நிமிஷம் பிந்தித்தான் தட்டுவான், ஆனால் தட்டாமல் விடமாட்டான். எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. யார் நடத்துகிறார்களோ அவர்கள்தான் நிறுத்தவும் முடியும் என்று போன வருஷம் எந்தப் புத்தகத்திலோ படித்தாள். அப்படியானால் கல்யாணத்தை நடத்துவது யார்? பத்திரிகையில் அப்பா பெயர் இருக்கிறது, அந்த வீட்டு அப்பா பெயர் இருக்கிறது, தாய்மாமன் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. இந்த ஊரில் எந்தக் கல்யாணத்தையும் யாரும் நிறுத்தினதே கிடையாது. நின்னுபோச்சு என்பார்கள். போகிற பஸ் நின்றுபோன மாதிரி, யாருக்கும் சம்பந்தமில்லாமல், பாவம் அதுவாகவே நின்றுவிட்டது. நமது கல்யாணமும் அப்படி நின்றுபோனால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஒரு ராத்திரி நினைத்தாள். ஹரியின் அம்மாவே ஏதாவது சாக்குச் சொல்லி வேண்டாம் என்று சொல்லட்டும், ஹரிக்கு ஆபீஸில் வேறொருத்தி கிடைக்கட்டும், மண்டபத்துக்காரன் தேதியை வேறு யாருக்காவது கொடுத்துவிடட்டும். சீ, என்ன பிழைப்பு இது, என்று போர்வையை உதறினாள். தன் முடிவை யார் தலையிலாவது கட்டப் பார்க்கிறவளுக்கு எதற்கு ஒரு வகுப்பு, எதற்கு அதில் சட்டம்.

நேசன் இப்போது தன் இடது கைவிரலைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். மோதிர விரல். பார்த்தால் சிரிப்பான், ஒவ்வொரு தடவையும். சிவநேசன் என்பது பள்ளிக்கூடத்துப் பெயர், வீட்டில் நேசன். பிறவியிலேயே டவுன் சிண்ட்ரோம். அவளுக்கு மூன்று வயது இளையவன், பகலில் பேக்கரியில் அட்டைப்பெட்டி மடிக்கிறான், அவன் மடித்த பெட்டியில் மூலை பிசகாது. பெண்ணின் தம்பி மாப்பிள்ளையின் காலைக் கழுவி மணவறைக்கு அழைத்துவந்தால் மாப்பிள்ளை மோதிரம் போடுவார் என்று யார் சொன்னார்களோ, நிச்சயமான நாளிலிருந்து வீட்டில் எல்லோர் காலும் சுத்தம். தாம்பாளத்தைப் போடுவான், சொம்பில் தண்ணீர் எடுப்பான், முதலில் வலது கால், அப்புறம் இடது கால், பிறகு தோளில் கிடக்கிற துண்டால் விரல் இடுக்கு விடாமல் துடைப்பான். பால்காரர் காலைக் கழுவினான். கேபிள் காசு வாங்க வந்தவர் கூச்சத்தில் நெளிந்தார், விடவில்லை. துடைத்து முடித்ததும் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டு, “வாங்க மச்சான்” என்பான், எல்லோரும் மச்சான்தான். அவனிடம் போய் நீ வராதே என்று சொல்வார்களா? சொல்ல மாட்டார்களாம். அன்றைக்குக் காலையில் பெரியம்மா வீட்டுக்குக் கூட்டிப்போய் டிவி போட்டுக் கொடுத்துவிடுவார்களாம். அம்மா அதையும் யோசித்து வைத்துவிட்டாள். “ஒனக்கு வயசு இருபத்தொம்போதுடி, இத விட்டா இன்னொரு வாசல் தொறக்குமா, அவன் அழுவான், சாயங்காலம் பிரியாணி கண்டா மறந்துருவான்” என்றாள். அம்மா கெட்டவள் இல்லை. அவனை இத்தனை வருஷம் தோளில் தூக்கி ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தவள். அந்த அலைச்சல்தான் இப்படிப் பேசுகிறது. ஆனால் அவன் மறக்க மாட்டான். இங்கேதான் ஒவ்வொரு ராத்திரியும் யோசனை வந்து முட்டி நிற்கிறது. கல்யாணத்தை வேண்டாம் என்றால் அவனுக்குக் கால் கழுவ யார் இருக்கிறார்கள், மோதிரம் எங்கே? அவர்கள் ஒருநாளைத்தான் பிடுங்கினார்கள், அவள் அந்தக் கல்யாணத்தையே பிடுங்கப் போகிறாள். அவனுக்காகத்தான் என்று சொல்லிக்கொள்ள முடியாது. அவனைக் கேட்டால் கல்யாணம் வேண்டும் என்றுதான் சொல்வான். அப்புறம் யாருக்காக? எனக்காக, என்று முந்தாநாள் விடியும்போது பதில் வந்தது. அந்த வீட்டு ஆல்பத்தில் தம்பி இல்லாத போட்டோவில் சிரித்துக்கொண்டு நிற்க என்னால் முடியாது. ஒருநாள்தானே என்றவன் பக்கத்தில் மிச்ச நாளெல்லாம் படுத்து எழுந்திருக்க என்னால் முடியாது. நாளைக்கு அப்பா அம்மா இல்லாத காலத்தில் நேசன் என் வீட்டுக்கு வருவான், அப்போதும் யாராவது வந்தால் உள்ளறையில் இருக்கச் சொல்வார்கள். எனக்காகத்தான். சுயநலம் என்றால் சுயநலமாகவே இருக்கட்டும்.

மாரிச்சாமி எழுந்திருக்கவில்லை, உட்கார்ந்தபடியே சொன்னார், அவர் எப்போதும் அப்படித்தான். “வி கால் ஆஃப் த செர்ச். த மதர் நாட் கால் ஆஃப்.” இறந்தகாலம் வரவில்லை, திருத்த வேண்டும், அவள் திருத்தவில்லை. அவர் மும்தாஜ் அக்காவைப் பார்த்தார். “கண்மாயில விழுந்த பையனத் தேடினோம்மா. இருட்டினப்புறம் போதும்னு ஆபீசர் சொல்லிட்டார், நாங்க கயித்தச் சுருட்டிட்டோம். அந்தப் பையனோட அம்மா மட்டும் தண்ணிய விட்டு ஏறல.” கைதட்டு வந்தது, மெதுவாக. இந்த மனிதர் இதைச் சொல்லத்தான் இந்த வகுப்பில் சேர்ந்தாரோ என்று நினைத்தாள். வெளிநாட்டு வேலைக்கு என்றுதான் சேர்ந்தார். தண்ணீரை விட்டு ஏறாத அந்த அம்மாவை நினைத்ததும் தன் பயமெல்லாம் அதற்கு முன்னால் சின்னதாகிவிட்டது, சின்னதானதில் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. என்ன பயம் உனக்கு? அப்பா நாலு பேர் முன்னால் தலைகுனிவார். ஏற்கெனவே குனிந்துவிட்டார், ஜவுளிக்கடையில், அவள் கண்ணெதிரே. அதைவிடவா இன்னும் குனியப் போகிறார். அம்மா பேச மாட்டாள். பேசாமல் இருக்க அம்மாவால் எத்தனை நாள் முடியும், வாய் வலிக்காதா. இன்னொருவன் வர மாட்டான். வராவிட்டால் போகட்டும். போகட்டும் என்று மனசுக்குள் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள், சொல் மாறவில்லை.

கீழே மோட்டார் ஓடத் தொடங்கிற்று. மும்தாஜ் அக்கா வாயைத் திறந்து காத்திருந்தார், அது அடங்கினதும் ஒரே மூச்சில் கொட்டினார். “ஒன் பிரைடு கால்டு ஆஃப் ஹர் வெட்டிங். நெக்ஸ்ட் டே ஷி கேம் டு மை பார்லர் ஃபார் ஐப்ரோ!” தமிழுக்குத் திரும்பும்போது அவருக்கே சிரிப்பு தாங்கவில்லை. “மோனிஷா, கேளு. மருதாணியெல்லாம் அரைச்சு வச்சுட்டேன். கல்யாணம் வேணாம்னு அந்தப் பொண்ணே சொல்லிருச்சு. வீட்டுல பெரிய ரகளை. மறுநாள் கடையத் தொறக்குறேன், வாசல்ல நிக்குது. அக்கா, புருவம் எடுக்கணும்ங்குது. ஏம்மா இன்னைக்கான்னேன். கல்யாணம்தானக்கா வேணாம்னேன், புருவம் வேணாம்னா சொன்னேன்னு கேக்குது!” அறை முழுக்கச் சிரித்தது. பொற்கொடியும் சிரித்தாள், கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவளுடைய கல்யாண மேக்கப்புக்கும் மும்தாஜ் அக்காதான், பேசி முடித்தாயிற்று. மறுநாள் என்று ஒன்று வரும் என்பது ஏன் தனக்கு இதுவரை தோன்றவில்லை? வேண்டாம் என்று சொல்கிற நிமிஷம் வரைக்கும்தான் அவள் தினமும் யோசித்துக்கொண்டிருந்தாள், அதற்கப்புறம் வெறும் இருட்டு, ஊரே சேர்ந்து பார்க்கிற இருட்டு. மறுநாளும் கரண்ட் பில் கட்ட வேண்டும், நேசனுக்குச் சட்டை தேய்க்க வேண்டும், ஆறு மணிக்கு இந்த மாடிப்படி ஏற வேண்டும். அந்தப் பெண் யாரோ, எந்தத் தெருவோ, அவள் நன்றாக இருக்கட்டும்.

மோனிஷா எழுந்தாள். துப்பட்டாவைச் சரி செய்தாள். சின்னக் குரல், காதைத் தீட்டிக்கொண்டுதான் கேட்க வேண்டும். “மை மதர் கால்டு ஆஃப் மை சலங்கை பூஜை.” பிறகு நேசன் பக்கம் திரும்ப வேண்டும், சட்டம் அப்படி. திரும்பினாள். ஜவுளிக்கடையிலிருந்து இன்றைக்கு வரைக்கும் அவன் முகத்தை அவள் நேராகப் பார்க்கவில்லை என்பதைப் பொற்கொடி கவனித்துத்தான் வைத்திருந்தாள். “நான் டான்ஸ் கத்துக்கிட்டேன் நேசா. மேடையில ஏறி ஆடறதுக்கு நாள் எல்லாம் குறிச்சாச்சு. பெரிய பொண்ணாயிட்டேன், இனி எல்லார் முன்னாடியும் ஆடக் கூடாதுன்னு அம்மா வேண்டாம்னுட்டாங்க.” நேசன் முகம் வாடிவிட்டது. அவள் கையைத் தட்டிக்கொடுத்தான். “அழாத. நீ ஆடு. எங்க அக்கா கல்யாணத்துல ஆடு. நான் மச்சான்ட்ட சொல்றேன்.” மோனிஷா உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்து தன் போனைத் தலைகீழாகக் கவிழ்த்து மடியில் வைத்தாள். அந்த வீட்டில் எதையும் வேண்டாம் என்று சொல்கிற அதிகாரம் ஒரே ஆளிடம்தான் இருக்கிறது போலும். இந்தப் பெண்ணிடமும் யாரும் கேட்கவில்லை. அவள் மேல் இத்தனை நாள் இருந்த கோபம் கரைந்துவிட்டது என்று சொல்ல முடியாது, கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தது.

இனி நேசன். எந்த வினைச்சொல் ஆனாலும் அவனுடைய வாக்கியம் ஒன்றுதான், நிச்சயமான நாளிலிருந்து. சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு எழுந்தான், நெஞ்சை நிமிர்த்தினான். “ஐ வாஷ் மச்சான் லெக்!” பிறகு அக்கா பக்கம் திரும்பி, அவள் கண்ணைப் பார்த்து, சட்டப்படி தமிழில்: “நான் மச்சான் காலைக் கழுவுவேன். நல்லாத் தேச்சு.” நடந்ததைத்தான் சொல்ல வேண்டும் என்கிற வகுப்பில், நடக்காத ஒன்றைச் சொல்ல அவள் அனுமதித்தது இவன் ஒருவனுக்குத்தான். நடக்கத்தானே போகிறது என்று அனுமதித்தாள். ஜவுளிக்கடைக்குப் பிறகு அது பொய் என்று தெரிந்தும் தினமும் கைதட்டினாள். எத்தனை தட்டு! அம்மாவைச் சொல்ல, அப்பாவைச் சொல்ல, உனக்கு என்ன யோக்கியதை, நீயும்தான் அவனுக்கு டிவி போட்டுக் காட்டிக்கொண்டிருக்கிறாய். எல்லோரும் தட்டினார்கள். பொற்கொடியின் இரண்டு கையும் மடியில் கிடந்தன. ஒன்றில் இன்னும் அந்தச் சாக்பீஸ் இருந்தது. நேசன் உட்காராமல் நின்றான். “அக்கா, நீ தட்டல.”

“ஆமாடா, தட்டல” என்றாள். எழுந்தாள். அடக்கமாக ஒரு வாக்கியம் இருக்கிறது, யார் பெயரும் வராமல், கல்யாணம் நின்றுபோனது என்கிற மாதிரியே இங்கிலீஷிலும் சொல்லலாம். அதைச் சொன்னால் பாதித் தப்பு மழைக்குப் போய்விடும். வேண்டாம். எல்லோரையும் பார்த்தாள், மோனிஷாவையும் பார்த்தாள். “ஐ கால்டு ஆஃப் மை வெட்டிங்.” சொல்லி முடித்ததும் வாய்க்குள் சாக்பீஸ் தூள் போன மாதிரி உலர்ந்தது. மும்தாஜ் அக்காவின் கை பாதியில் நின்றது. யாரும் தட்டவில்லை. “அண்ணி...” என்றாள் மோனிஷா, இந்த அறைக்குள் அவள் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. “வீட்டுல சொல்லணும்னா சொல்லும்மா. நானும் ராத்திரி அவங்களுக்குப் போன் பண்ணிச் சொல்லத்தான் போறேன்” என்றாள் பொற்கொடி. கோபமாக வரவில்லை குரல். மோனிஷாவின் போன் மடியில் கவிழ்ந்தபடியே கிடந்தது.

ஊருக்குச் சொல்வது இவ்வளவுதானா, இதற்கா இத்தனை நாள். ஆனால் அது சுலபமான பாதி என்று அவளுக்குத் தெரியும். பக்கத்து நாற்காலி மிச்சம் இருக்கிறது. அவளுக்கு ஒரு பக்கம் போர்டு, இன்னொரு பக்கம் தம்பி. அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், வெட்டிங் என்ற வார்த்தை காதில் விழுந்த சந்தோஷம் இன்னும் அவன் வாயோரத்தில் இருந்தது. பொற்கொடி அவன் முன்னால் குனிந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

“நேசா, அக்காவுக்குக் கல்யாணம் நடக்காது. நான்தான் வேண்டாம்னு சொல்லிட்டேன்.”

அவன் திரும்பி மாடிப்படியைப் பார்த்தான். “மச்சான் வர மாட்டாரா?”

“வர மாட்டார்.”

“கால் கழுவ வேண்டாமா?”

“வேண்டாம்டா.”

“மோதிரம்?”

“இல்ல.”

“ஏன்?” என்று கேட்டான். ஏன் என்றால் என்ன சொல்வது. உன்னை வேண்டாம் என்றார்கள் என்று இவனிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் கிடையாது. பொய்யும் சொல்லக் கூடாது. மனசுக்குள் இறங்கித் தேடினாள், அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை. “அக்காவுக்கு அவரைப் பிடிக்கல” என்றாள். சொன்ன பிறகு ஒரு தடவை சரிபார்த்தாள். ஆமாம், பிடிக்கவில்லை, அந்தத் தோசைக்கரண்டி சுட்ட நிமிஷத்திலிருந்தே பிடிக்கவில்லை. நேசனின் உதடு கோணிற்று. கண் நிறைந்து வழிந்தது. அவன் சத்தம் போட்டு அழவில்லை, தலையைச் சாய்த்துத் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டான், அவள் கைகளை விடாமலே. அவளுக்கும் அழுகை வந்தது, வரட்டும் என்று விட்டாள். தன் தம்பியை அழ வைத்தது வேறு யாரும் இல்லை, தான்தான், அதையும் யார் தலையிலும் கட்டப் போவதில்லை. கீழே மோட்டார் ஓடி அடங்கும்வரை யாரும் அசையவில்லை.

“நிஜமாக்கா?” என்றான் நேசன்.

“நிஜம்.”

அவன் தன் கைகளை அவள் பிடியிலிருந்து மெல்ல உருவிக்கொண்டான். போர்டில் எழுதியிருந்ததைப் பார்த்தான், அரைவட்டத்தில் சும்மா உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தான், இவர்களுக்கு என்ன ஆயிற்று என்பது போல. மூக்கை உறிஞ்சினான். பிறகு ஈரக் கைகளைத் தூக்கி, வழக்கம்போல அரை நிமிஷம் பிந்தி, ஒரே ஒரு தட்டுத் தட்டினான்.